நிற்கிற மரத்துக்கு விலை

கட்டபெட்டு ரோட்டிலிருந்து பார்த்தால்
போஜன் சாரின் சீகைக்காடு கைக்குட்டை அகலம்தான்.
இறங்கினால் நூற்றி எண்பத்தி நாலு எட்டு.
எண்ணியது நான்.

அவர் கோயமுத்தூரிலிருந்து போனில் சொன்னது
டன்னுக்கு ஆயிரத்து எண்ணூறு.
"ஃபேக்டரியில மூவாயிரத்தி நானூறு தர்றான்,
எனக்குத் தெரியாதா?"
தெரியும். அவருக்கு ஃபேக்டரி வாசல் தெரியும்.
வாசலில் கிடக்கிற மரம் வேற சார்,
பள்ளத்தில் நிற்கிற மரம் வேற.
ஒருதரம் வந்து இறங்குங்க, அப்புறம் பேசுவோம்.

வந்தார், ஞாயிற்றுக்கிழமை, பாலிஷ் போட்ட ஷூவோடு.
விலை பேசிக்கொண்டே இறங்கினார்.
ஏறும்போது பேசவில்லை.
பாதியில் ஒரு சீகையைக் கட்டிப்பிடித்து
மூச்சு வாங்கியவரிடம்
"இத்தனைக்கும் தலையில ஒண்ணுமில்ல சார்" என்றார்
என் வீட்டுக்காரர் ஞானமுத்து.
நான் முறைத்தேன்.
ஆனாலும் அந்த இடத்தில்தான் முந்நூறு குறைந்தது.

மேலே, பிக்கப்பின் பின்கதவைச் சாய்த்துக் கணக்கு.
அறுப்பு மெஷினுக்குப் பெட்ரோல், செயினுக்கு ஆயில்,
வண்டி வாடகை.
சுமைக்கு இரண்டு பேர்;
ரஞ்சிதத்துக்கும் ஆண்கூலிதான், அதையும் எழுதுங்க.
நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்,
கரண்ட் பில்லின் பின்பக்கம்.

பிறகு மழை.
ஐப்பசி முழுக்கக் குடித்து நிற்கிறது மரம்.
ஃபேக்டரியில் ஒரு கட்டையைப் பிளந்து மோந்து பார்த்து
டன்னுக்கு நூற்றைம்பது கிலோ கழிப்பார்கள், ஈரமென்று.
எடைமேடைச் சீட்டில் உள்ளதற்குக் காசு வை,
கழிவு உன் பாடு என்கிறார்.
மழை உங்க நிலத்துல பெய்தது சார்,
நான் கூப்பிட்டா வந்தது?
"நான் மட்டும் கூப்பிட்டேனா?"
இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
பதிலுக்கு, பொடிப்பொடியாக,
இன்னும் கொஞ்சம் எடை இறங்கிக்கொண்டிருந்தது.

ஆளுக்குப் பாதி மழை என்று முடிவானது.

ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
மணிக்கட்டைவிட மெலிந்த கொப்பு கணக்கில் வராது.
லைன் வீட்டுப் பெண்கள் கயிறோடு வருவார்கள்.
நாங்கள் இருக்கும்வரை கேட்டு எடுப்பார்கள்,
போனபிறகு கேட்காமல்.
"அது திருட்டு இல்லையா?"
விடிகாலையில அது வெந்நீர் சார்.

அருவங்காட்டு ஆலையில் முப்பது வருசம்
அளவு பார்த்து ஓய்வு பெற்றவர்.
"யாரோட மணிக்கட்டு?" என்றார்.
கையை நீட்டினார்.
வாட்ச் முழங்கைப் பக்கம் வழுக்கியது.
நானும் நீட்டினேன்.
பதினெட்டு வருசக் கோடாரி
என் உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"என் கைன்னா எனக்குக் கட்டுபடியாகும்."
என் கைன்னா அவங்களுக்கு.

பேனா மூடியைக் கொஞ்சநேரம் கடித்தார்.
எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன்:
டன் ஆயிரத்து நூறு. மழை பாதி.
சுள்ளி, பவளமணி கை அளவு.

செவ்வாய்க்கிழமை முதல் மரம்.
காற்று பார்த்து, கயிறு கட்டி,
ஓடைப் பக்கம் விழ வாய் வெட்டி
எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.
அது தேயிலைப் பக்கம் சாய்ந்தது.

ஏழு செடி.
இரண்டு பிழைக்கும் என்கிறார் ஞானமுத்து.
பிழைக்காது.
ரஞ்சிதம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள்.
சிக்னல் கிடைக்கிற பாறைவரை ஏறிப்போய்
போனைக் காதில் வைத்தேன்.
அந்தக் கரண்ட் பில்லில்
ஓரமாகக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததை
நான் பார்த்திருந்தேன்.